தண்ணீர் இறங்கும் தரை: வண்டி நிறுத்தும் இடமும் நடைபாதையும்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டுகிறவர் இரண்டு தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்று தன் மனை மேல் நேராகப் பெய்யும் மழை. மற்றொன்று சேர்வராயன் மலைச் சரிவிலிருந்து மண்ணும் சருகுமாக இறங்கி வரும் வெள்ளம். ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டரை ஒட்டியது; சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. மேலே கொட்டிய மழை சில மணி நேரத்தில் ஓடைகளில் இறங்கி அடிவாரத்தைக் கடந்துவிடும். கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குத் தண்ணீர் தருவது இந்தச் சரிவுதான். சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பதும் இந்த மலைப்பகுதியில்தான்.

இவ்வளவு தண்ணீர் வாசலைத் தாண்டிப் போகும் ஊரில், கோடை வந்தால் போர் காற்று வாங்குகிறது. காரணம் நிலத்தடியில் இருக்கிறது. சேலத்துக்குக் கீழே கிடப்பது கடினப் பாறை. ஆற்றுப்படுகை மணலைப் போல அது தண்ணீரைத் தாராளமாகப் பிடித்து வைக்காது. மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளும்தான் சேமிப்புக் கிடங்கு. சின்னக் கிடங்கு என்பதால் சீக்கிரம் காலியாகும். அதே காரணத்தால், மேலிருந்து இறக்கிவிட்டால் சீக்கிரம் நிறையவும் செய்யும். ஆகவே இந்த ஊரில் ஒரு மனையின் தரை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது அந்த வீட்டுப் போரையே தொடும் விஷயம்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு, கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே ஒரு குழிக்குள் விடுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. தரைத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 40-க்கு 60 மனையில் 1,200 சதுர அடிக்கு வீடு எழும்பினால் மீதி 1,200 சதுர அடி வெறும் நிலம். கிரகப்பிரவேசத்துக்கு முன் அதில் பெரும்பகுதிக்கு சிமெண்ட் தளமோ பேவர் பிளாக்கோ வந்துவிடுகிறது. கூரைக்குச் சமமான பரப்பில் விழும் மழையைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கூரைத் தண்ணீரை மட்டும் சேமிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

பேவர் பிளாக் போட்டாலே தண்ணீர் இறங்கிவிடாது

முதலில் களைய வேண்டிய நம்பிக்கை இது. பிளாக்குகளுக்கு நடுவே இடுக்கு இருக்கிறது, அதன் வழியே மழை உள்ளே போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வழக்கமாகப் போடும் முறையைக் கவனித்தால் உண்மை தெரியும். மண்ணை ரோலர் விட்டு நசுக்குகிறார்கள். மேலே கிராவல் கொட்டுகிறார்கள். அதன் மேல் கிரஷர் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்குகிறார்கள். பிறகு பிளாக்கை நெருக்கி அடுக்கி, 2, 3 மில்லிமீட்டர் இடுக்கில் எம்-சாண்டைக் கூட்டித் தள்ளுகிறார்கள். நனைந்து இறுகிய கிரஷர் தூள் தண்ணீரை விடவே விடாது என்று சொல்லலாம். மேலே விழுந்த மழையில் கொஞ்சம் இடுக்கில் நின்று காயும். மிச்சமெல்லாம் கேட்டைத் தாண்டி ஓடும். சில இடங்களில் பிளாக்குக்கு அடியில் கான்கிரீட்டே போட்டு விடுகிறார்கள். அது சிமெண்ட் தளத்தின் மேல் பிளாக்கை அலங்காரமாக ஒட்டுவதுதான்.

தண்ணீர் இறங்கும் தரை என்பது உண்மையில் ஒரு தொட்டி. மேலே தெரியும் பிளாக் அந்தத் தொட்டியின் மூடி மட்டுமே. தொட்டி இருப்பது அடியில்: தூசி இல்லாத, ஒரே அளவு ஜல்லிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடத்தில். அந்த வெற்றிடம் எவ்வளவு என்பதைக் களத்திலேயே பார்த்துவிடலாம். 20 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் முக்கால் ஜல்லியை விளிம்பு வரை நிரப்புங்கள். ஒரு லிட்டர் குவளையால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். விளிம்பைத் தொடும்போது 8 லிட்டர் அளவுக்கு உள்ளே போயிருக்கும். அதாவது நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடம். அதே டப்பாவில் கிரஷர் தூள் கலந்த ஜல்லியை நிரப்பி ஊற்றிப் பாருங்கள், பாதிகூடப் போகாது. மேஸ்திரியை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது. எத்தனை விளக்கப் படங்கள் காட்டினாலும் வராத தெளிவு இந்த இரண்டு டப்பாவில் வந்துவிடும்.

இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. ஹைதராபாத்தில் 2004 ஜூலையில் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த சி.ஐ.ஐ. - சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடைவழிக்கும் தண்ணீர் புகும் கட்டக் கற்களைத்தான் பதித்தார்கள். 2003இல் லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்ற கட்டடம் அது. இருபது ஆண்டு கடந்த பிறகும் இந்த முறை சிறு வீடுகளுக்கு வந்து சேரவில்லை. சந்தையில் பிளாக் விற்க ஆள் உண்டு. அடியில் இருக்க வேண்டிய ஜல்லிப் படுகையைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. என் கணிப்பில் காரணம் அதுதான்.

மண் எவ்வளவு குடிக்கும்?

தொட்டி நிறைந்தால் போதாது, அடுத்த மழைக்குள் காலியாகவும் வேண்டும். தண்ணீரைக் கீழே வாங்கிக்கொள்ளப் போவது உங்கள் மனையின் மண். ஆகவே ஜல்லி வாங்குவதற்கு முன்னால் மண்ணைச் சோதியுங்கள்.

தரை அமையப் போகும் இடத்தில், ஜல்லிப் படுகையின் அடிமட்டம் வரும் ஆழத்துக்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடிக்குத் தோண்டுங்கள். அந்த அடியில் ஓரடிக்கு ஓரடி சதுரமாக இன்னொரு சின்னக் குழி எடுங்கள். பக்கச் சுவரைக் கடப்பாரை மழுங்கடித்திருந்தால் கத்தியால் சுரண்டிவிடுங்கள். குழியை நிரப்பி, முழுக்க இறங்கும் வரை விடுங்கள். காய்ந்த மண் முதலில் ஆவலாகக் குடிக்கும், அந்தக் கணக்கு உதவாது. மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலைச் செருகி, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறியுங்கள். பக்கச் சுவர் வழியாகவும் தண்ணீர் போவதால், கிடைத்த எண்ணில் பாதியை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

மணிக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கவலையே வேண்டாம். சரளை கலந்த செம்மண்ணில் பெரும்பாலும் அதைவிடக் கூடவே வரும். 3 மில்லிமீட்டர்தான் என்றாலும் மனம் தளர வேண்டியதில்லை: ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான ஜல்லிப் படுகையில் நிற்பது 12 சென்டிமீட்டர் தண்ணீர், அது 40 மணி நேரத்தில் வடிந்துவிடும். இரண்டு நாளுக்குள் காலியானால் போதும் என்பதுதான் அளவுகோல். மணிக்கு 1 மில்லிமீட்டர் என்றால் ஐந்து நாள் நிற்கும். அந்த மண்ணில் வடிகுழாய் இல்லாமல் இறங்கக் கூடாது.

தோண்டும்போதே பாறை தட்டினால்? இந்தப் பக்கத்தில் அது அடிக்கடி நடக்கக் கூடியது. கடப்பாரைக்குப் பொடியாக உதிரும் சிதைந்த பாறை என்றால் அதிலும் தண்ணீர் இறங்கும்; அதே சோதனையைச் செய்து பாருங்கள். வெடிப்பில்லாத கரும்பாறை ஜல்லியின் அடிமட்டத்திலிருந்து இரண்டடிக்குள் வந்துவிட்டால், தரை தண்ணீரைப் பிடித்து வைக்கும், இறக்காது. அப்போது ஜல்லிக்குள் நான்கங்குலத் துளைக்குழாய் ஒன்றைப் பதித்து, மனையில் பாறை ஆழமாக உள்ள மூலையில் எடுத்த குழிக்கோ, தோட்டத்துக்கோ, சம்ப்புக்கோ கொண்டுபோக வேண்டும்.

அடிவாரத்துக்கு மட்டும் சொல்ல வேண்டியவை

சமவெளி ஊர்களுக்கு எழுதிய வழிகாட்டிகளை அப்படியே கொண்டுவந்து அடிவாரத்தில் போட்டால் முதல் மழையிலேயே தரை கெடும். இரண்டு காரணங்கள்: மேலிருந்து வரும் மண், மனையின் சரிவு.

மண்ணை முதலில் பார்ப்போம். தண்ணீர் இறங்கும் தரையைக் கொல்வது வண்டிப் பாரம் அல்ல, வண்டல். செம்மண் கரைசல் ஒரே ஒருமுறை பரவி வடிந்தால் போதும், பிளாக் இடுக்கில் நிரப்பும் பொடி ஜல்லியான சிப்ஸின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து வாயை அடைத்துவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இந்தப் பக்கத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். மலை எவ்வளவு மண்ணை இறக்கும் என்பதற்கு அது கண்கூடான சாட்சி. ஆகவே விதி இதுதான்: இந்தத் தரை தன் மேல் விழும் மழையை மட்டும் குடிக்க வேண்டும், மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அதைத் தொடவே கூடாது. மனையின் மேட்டுப் பக்க எல்லையில் ஓரடி அகலத்துக்காவது ஒரு குறுக்கு வாய்க்கால் எடுங்கள். வாய்க்காலுக்கு மேல்புறம் வெட்டிவேரை நெருக்கி ஒரு வரிசை நடுங்கள். வேர் பிடிக்க ஓராண்டு ஆகும், அதுவரை கருங்கல் அடுக்கு காக்கட்டும். வாய்க்காலின் முடிவு தெருக் கால்வாயிலோ ஓடையிலோ இருக்க வேண்டும், பக்கத்து மனையில் அல்ல. மனை வாங்கும்போதே எஃப்.எம்.பி. என்னும் நில அளவை வரைபடத்தில் ஓடை ஏதும் குறுக்கே போகிறதா என்று பார்த்துவிடுங்கள். காய்ந்து கிடக்கிறதே என்று தூர்த்த ஓடை, ஒரு புரட்டாசி இரவில் தன் வழியைத் தேடி வரும்.

இனிச் சரிவு. மேலே பிளாக் சரிவாக இருப்பதில் கெடுதல் இல்லை. 20 அடிக்கு ஓரடி வரை போகலாம். அடியிலும் மண்ணை அதே சரிவில் விட்டால்தான் கெடுதல். ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் உடனே பள்ளத்து மூலைக்கு ஓடி, அங்கே ஜல்லி நிறைந்து, கேட் பக்கத்தில் பிளாக் இடுக்கு வழியே மேலே பொங்கும். மேட்டுப் பக்கத் தொட்டி காலியாகவே கிடக்கும். போட்ட ஜல்லியில் பாதி வீண்.

மருந்து, மலைக்காட்டில் உழவர்கள் செய்வதுதான்: படிப்படியாக வெட்டுவது. 20-க்கு 1 சரிவில், சரிவின் போக்கில் பத்தடிக்கு ஒரு தட்டு என்று பிரித்து, ஒவ்வொரு தட்டின் அடிமண்ணையும் ரசமட்டம் வைத்துச் சமமாக வெட்டுங்கள். தட்டுக்குத் தட்டு அரையடி இறக்கம் வரும். இரண்டு தட்டுக்கு நடுவே மண்ணைக் குறுக்கு வரப்பாக விடாமல், நான்கங்குல கான்கிரீட் தடுப்பு ஒன்றை நிறுத்துங்கள். மண் வரப்பு ஊறிக் கரையும். தடுப்பின் தலை, பிளாக்குக்கு அடியில் வரும் சிப்ஸ் படுகையின் அடிமட்டத்தோடு நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் பிளாக்கை முட்டும். தாழ்ந்தால் தொட்டி குறையும். மேல் தட்டு நிறைந்தால் தடுப்பைத் தாண்டி அடுத்த தட்டுக்கு வழியும். கடைசித் தட்டில், ஜல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டங்குலம் கீழே ஒரு வழிகுழாய். வடிய இடமில்லாத நாளில் தண்ணீர் பிளாக்கைத் தூக்காமல் அந்த வழியே தெருக் கால்வாய்க்குப் போகும்.

வழிகுழாயைச் செலவு என்று விட்டுவிட வேண்டாம். நகரங்களையே தண்ணீர் உறிஞ்சும்படி மாற்றும் திட்டத்தில் சீனா பெரும்பணம் செலவிட்டது. அதில் இறங்கிய ஜெங்சோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் கொட்டியது; நகரம் மூழ்கியது. எந்தத் தொட்டிக்கும் ஒரு விளிம்பு உண்டு. விளிம்பைத் தாண்டும் தண்ணீருக்கு வழி வைத்துவிட்டுத்தான் தொட்டியின் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுக்குகள்

கார் நிற்கும் இடத்துக்குக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

வெட்டிய மண்ணை ரோலர் விட்டு நசுக்கக் கூடாது. அது மண்ணின் வாயை நாமே கட்டுவது. தளர்ந்த இடத்தைக் கைத்திமிசு போட்டுச் சமன் செய்தால் போதும். லாரியையோ ஜே.சி.பி.யையோ வெட்டிய பரப்பில் ஓட விடாதீர்கள். வெளியில் நின்றபடியே வெட்டட்டும். பக்கச் சுவர்களில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் ஓர மண் ஜல்லிக்குள் சரியாது.

அதன் மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லி, 25 சென்டிமீட்டர். அதற்கு மேல் 20 மில்லிமீட்டர் ஜல்லி, 10 சென்டிமீட்டர். மேலே 6 மில்லிமீட்டர் சிப்ஸ், 5 சென்டிமீட்டர். பிறகு பிளாக். இந்த வரிசையை மாற்றக் கூடாது. 40 ஜல்லி மேல் நேரடியாகச் சிப்ஸ் பரப்பினால் அது உள்ளே உதிர்ந்துகொண்டே போகும். ஆறு மாதத்தில் பிளாக் குழிவிழும்.

1,000 சதுர அடிக்கு 40 ஜல்லி எட்டரை யூனிட், 20 ஜல்லி மூன்றரை யூனிட், சிப்ஸ் இரண்டு யூனிட் தேவைப்படும். கிரஷரில் சொல்லும்போதே தூசி சலித்த ஜல்லி வேண்டும் என்று சொல்லுங்கள். சலித்தது என்று வந்ததிலும் தூசி இருக்கும். இறக்கிய குவியலில் ஒரு கை அள்ளிக் கண்ணாடிச் சீசாவில் தண்ணீரோடு போட்டுக் குலுக்குங்கள். தண்ணீர் சாம்பல் நிறமாகி அடியில் கசடு படிந்தால் கழுவியே ஆக வேண்டும். சாய்த்து வைத்த கம்பி வலையில் கொட்டி ஹோஸ் பைப்பால் அடித்தால் ஒரு யூனிட் அரை நாள் வேலை. கழுவிய தண்ணீரைத் தரைக் குழிக்குள் விடாமல் தோட்டத்தில் விடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்க்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தவிர்த்தால் மற்ற எல்லாச் செலவும் பாழ்.

இந்தப் படுகையில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு? 35 சென்டிமீட்டர் ஜல்லியில் வெற்றிடத்தை நூற்றுக்கு 35 என்று குறைத்தே கணக்கிட்டாலும் 12 சென்டிமீட்டர். 1,000 சதுர அடிக்கு 11,000 லிட்டர். ஏறக்குறைய ஒரு பெரிய டேங்கர் லாரி. 5 சென்டிமீட்டர் மழை ஒரே மூச்சில் கொட்டினாலும் பாதிகூட நிறையாது. வழிகுழாய்க்கும் சரிவுக்கும் கொஞ்சம் கழித்தாலும் மிச்சம் தாராளம்.

"டஸ்ட் போடாம எப்படிங்க மட்டம் புடிக்கறது?" என்று மேஸ்திரி கேட்பார். நியாயமான கேள்வி; அவர் பழகியது அதில்தான். இரண்டு ஜி.ஐ. பைப்பை நூல் பிடித்து இணையாகப் படுக்க வைத்து, நடுவில் சிப்ஸைக் கொட்டி, பைப்பின் மேலாக மட்டப்பலகையை இழுத்தால் தூளில் வருவதைவிடச் சுத்தமான மட்டம் வரும். இழுத்த பரப்பில் யாரும் மிதிக்கக் கூடாது. பிளாக்கை அடுக்கி முடித்த பகுதியில் நின்றுகொண்டே முன்னேற வேண்டும். எல்லாம் அடுக்கிய பிறகு பிளேட் காம்பாக்டரை ஓட்டி, இடுக்கில் சிப்ஸைக் கூட்டி நிரப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். எம்-சாண்ட் மூட்டை ஒன்றுகூட அந்த இடத்துக்கு வரக் கூடாது. நான்கு பக்கமும் கெர்ப் கல்லை கான்கிரீட்டில் ஊன்றி இறுக்க வேண்டும். தூள் இல்லாத தரையில் ஓரம் தளர்ந்தால் வரிசை வரிசையாக விரியும்.

மேலே என்ன பதிப்பது?

காருக்கு நான் பரிந்துரைப்பது 80 மில்லிமீட்டர் கனத்தில், பக்கத்தில் முட்டு வைத்து வார்த்த பிளாக். முட்டு இருந்தால் இடுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை தானாக விழும். கார் நிறுத்தம் போன்ற இலகுவான போக்குவரத்துக்கு இந்திய நிர்ணயம் ஐ.எஸ். 15658 சொல்லும் குறைந்த கனம் 60 மில்லிமீட்டர்தான். ஆனால் அடியில் தளர்ந்த சிப்ஸ் இருப்பதால் 80 வைப்பதே நிம்மதி. முட்டு வைத்த பிளாக் கிடைக்காவிட்டால், சாதாரண பிளாக்கையே 8 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டுகளை நடுவில் வைத்து அடுக்கி, சிப்ஸ் நிரப்பும்போது துண்டுகளை உருவிவிடலாம். வேலை கூடும், ஆனால் நடக்கும்.

ஓட்டை வைத்த புல் கட்டக் கற்கள் படத்தில் அழகாக இருக்கும். சேலத்துச் சித்திரை வெயிலில், காரின் நிழலும் இன்ஜின் சூடும் மாறி மாறிப் படும் இடத்தில் புல் பிழைப்பது அரிது. காய்ந்த புல்லைக் காப்பாற்ற போர்த் தண்ணீரை இறைப்பது இந்த வேலையின் நோக்கத்துக்கே எதிரானது. கட்டக் கல்தான் வேண்டும் என்றால் ஓட்டையில் சிப்ஸை நிரப்புங்கள். விருந்தாளி வண்டி எப்போதாவது நிற்கும் ஓரத்தில் மட்டும் அருகம்புல் விடலாம்.

மணல் சேர்க்காமல் ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போடும் நீர் புகும் கான்கிரீட் இன்னொரு வழி. நன்றாக அமைந்தால் அதில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வெற்றிடம் இருக்கும். தண்ணீர் ஒரு குவளை கூடினால் சிமெண்ட் பால் அடியில் போய் அடைக்கும். குறைந்தால் ஜல்லி உதிரும். பழகிய குழு இல்லாமல் வீட்டு வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நடைபாதையும் வாசலும்

நடைபாதைக்கு மேலே சொன்ன ஆழம் தேவையில்லை. 15 சென்டிமீட்டர் 20 ஜல்லி, 5 சென்டிமீட்டர் சிப்ஸ், 60 மில்லிமீட்டர் பிளாக் போதும். இதைவிட எனக்குப் பிடித்தது இந்த மாவட்டத்துக் கருங்கல் பலகை. இரண்டடிப் பலகைகளை இடைவெளி விட்டுச் சிப்ஸ் படுகையில் பதித்தால் ஆயுளுக்கும் கிடக்கும். பெயர்த்து வேறிடத்தில் பதிக்கவும் முடியும். வயதானவர்கள், கைத்தடி, சக்கர நாற்காலி புழங்கும் வீட்டில் இடைவெளி 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கொட்டிப் பரப்பிய வெறும் சிப்ஸ் அங்கே அறவே வேண்டாம்.

வாசலை மட்டும் தனியாக யோசியுங்கள். சாணம் தெளித்துக் கோலம் போடும் இடத்தில் இடுக்குள்ள தரை இரண்டு விதத்தில் தொல்லை. கோலக் கோடு உடையும். சாணக் கரைசல் இடுக்கை அடைக்கும். நிலைக்கு எதிரே ஆறடிக்கு ஆறடி முழுக் கருங்கல் தளமோ சிமெண்ட் தளமோ விட்டுவிடுங்கள். அதன் வாட்டம் பிளாக் பக்கம் அல்லாமல் செடிப் பாத்தி பக்கம் இருக்கட்டும். சாணத் தண்ணீர் செடிக்குப் போகும், தரை பிழைக்கும். 36 சதுர அடியை மூடுவதால் ஒரு நட்டமும் இல்லை.

மரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு எதையும் பதிக்காதீர்கள். டெல்லி மரங்களைச் சுற்றி இதே அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நம் வேம்புக்கும் அதே நியாயம்தான்.

எங்கெல்லாம் இந்தத் தரை கூடாது என்பதும் தெரிய வேண்டும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பத்தடிக்குள் ஆழமான ஜல்லிப் படுகை வேண்டாம். செப்டிக் டேங்க் பக்கமும் வேண்டாம். மெக்கானிக் ஷெட், பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை முற்றங்களில் எண்ணெயும் ரசாயனமும் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். மரவள்ளிக் கிழங்கு கொட்டிக் கழுவும் சேகோ ஆலை முற்றத்தில் மண்ணும் மாவும் வாரத்துக்குள் அடைத்துவிடும். நாமக்கல் பக்கத்து லாரி ஷெட்டுகளின் பாரத்துக்கு இந்த அத்தியாயத்தின் அளவுகள் பொருந்தாது. அதற்குத் தனிக் கணக்குப் போட வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை பெருக்கினால் பாதி வேலை முடிந்தது. புளிய இலை, வேப்பம்பூ போன்ற பொடிச் சருகுகளை மட்கவிடக் கூடாது; மட்கினால் இடுக்கில் மண்ணாகும், மண்ணில் களை முளைக்கும். இடுக்குச் சிப்ஸ் அரையங்குலத்துக்கு மேல் இறங்கினால் புதிதாகத் தூவிக் கூட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசி ஆனியில், இடுக்கின் மேல் ஓரங்குலச் சிப்ஸைக் கம்பியால் கிளறி எடுத்து, கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கசடு படிவது பெரும்பாலும் அந்த ஓரங்குலத்தில்தான்.

ஆவணி முதல் ஐப்பசி வரை நல்ல மழைக்காலம் என்பதால் அதற்குள் இந்தக் கிளறிக் கழுவும் வேலையை முடிப்பது நல்லது. இந்தத் தரைக்குப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது: பின்னாளில் மாடி கட்டும்போது அதன் மேலேயே எம்-சாண்டைக் கொட்டிக் கலவை போடுவது. ஒரே நாளில் தரை முடிந்துவிடும். தார்ப்பாய் விரித்தாலும் போதாது. மணலுக்கும் கலவைக்கும் வேறிடம் ஒதுக்குங்கள்.

ஒப்பந்தமும் வாளிச் சோதனையும்

மேஸ்திரியிடம் வாய்வார்த்தையில் விடாமல் தாளில் எழுதுங்கள். ஜல்லியின் அளவு, கனம், கழுவியதா என்பது. கிரஷர் தூளும் எம்-சாண்டும் கூடாது என்பது. அடிமண்ணை ரோலர் விடக் கூடாது என்பது. தடுப்பும் வழிகுழாயும் எத்தனை என்பது. ஒவ்வொரு அடுக்கையும் மூடுவதற்கு முன் நீங்கள் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கடைசித் தவணையைச் சோதனை முடியும் வரை நிறுத்தி வையுங்கள். வாய் முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய வாளியின் அடியை அறுத்துவிட்டு, தரை மேல் கவிழ்த்து வைத்து, விளிம்பைச் சுற்றிக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். பிறகு 3.6 லிட்டரை அளந்து ஊற்றி, மறையும் நேரத்தைப் பாருங்கள். புதுத் தரையில் அரை நிமிடத்தை ஒட்டி மறைய வேண்டும். பல இடங்களில் அதற்கும் முன்பே மறையும். மூன்று நான்கு இடத்தில் செய்து, எந்த இடம், எத்தனை விநாடி என்று அந்தத் தாளின் பின்புறமே குறித்து, மேஸ்திரியிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அதே இடங்களில் அதே வாளியை வைத்துப் பாருங்கள். 12 நிமிடத்தைத் தாண்டினால், மணிக்கு 250 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியின் சிப்ஸை முழுக்க எடுத்து மாற்ற வேண்டும். பிளாக்கைப் பெயர்க்க வேண்டி வந்தால் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ஒட்டாத தரை என்பதால் அதே பிளாக்கைத் திரும்ப அடுக்கிக்கொள்ளலாம்.